ஃபிரிகேட் போர்க்கப்பல எப்படிப் பாக்கணும்: அணியத்துல ஆரம்பிச்சு அமரம் வரைக்கும்

போர்க்கப்பல் பாத்துட்டு வந்தவங்ககிட்ட எப்படி இருந்துச்சுனு கேட்டுப் பாருங்க, பத்துல எட்டு பேரு "பெருசா இருந்துச்சு"ம்பாங்க, மிச்ச ரெண்டு பேரு "போட்டோ எடுக்க விடல"ம்பாங்க. நானும் மொத தடவ அப்படித்தான். வெயில்ல வரிசைல நின்னு, ஏறி, ஒரு சுத்து சுத்தி, எறங்கி வந்து யோசிச்சா மண்டைல ஒண்ணுமே நிக்கல, சாம்பல் கலர் மட்டும்தான் ஞாபகம். ரெண்டாவது தடவ அக்கா பையன கூட்டிட்டுப் போனேன், அவன் ஒவ்வொரு எடத்துலயும் "மாமா இது ஏன் இங்க இருக்கு?"னு கேட்டுக்கிட்டே வந்தான், எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியல, மானம் போச்சேனு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சதுதான், இன்னும் முடியல.

அவன் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்த கைடு மொத்தமும். எத்தன மிசைல் இருக்கு, எவ்ளோ தூரம் போகும்ங்கிறதெல்லாம் போன்ல தட்டினா வந்துரும். ஆனா அது ஏன் அந்த எடத்துல இருக்குனு கேட்டாதான் கப்பல் பேச ஆரம்பிக்கும். ஏன்னா ஒரு கப்பல்ல எடமும் எடையும் கரண்டும் இவ்ளோதான்னு மொதல்லயே முடிவாயிருது, அதுக்குள்ள ஒரு சாமான் உள்ள வரணும்னா இன்னொண்ணு வெளிய போகணும், கூட்டுக்குடும்ப வீட்டுல பீரோ வாங்குற கதைதான்.

நான் இங்க எடுத்துக்கிறது இந்திய நேவியோட ஷிவாலிக் வகை. மும்பை மசகான் டாக்ல கட்டுன மூணு கப்பல், ஷிவாலிக் 2010-ல, சத்புரா 2011-ல, சஹ்யாத்ரி 2012-ல நேவில சேந்துச்சு. நீளம் 142 மீட்டர் சொச்சம், முழு லோடுல சுமார் 6,200 டன். ஒப்பிட்டுப் பாக்க அதுக்கு முன்னாடி வந்த தல்வார் வகையும் பின்னாடி வந்த புது நீல்கிரி வகையும் அப்பப்ப வரும்.

மொதல்ல நீங்க பாக்குறது ஃபிரிகேட்தானானு உறுதி பண்ணிக்கோங்க. ரொம்ப ஈசி, பக்கவாட்டுல இருக்கிற நம்பரப் பாருங்க. எஃப்னு ஆரம்பிச்சா ஃபிரிகேட், டி-னு ஆரம்பிச்சா டெஸ்ட்ராயர். ஷிவாலிக் எஃப் 47, சத்புரா எஃப் 48, சஹ்யாத்ரி எஃப் 49. சைஸ வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, ஏமாந்துருவீங்க. 1972-ல சேந்த பழைய நீல்கிரி, நம்ம நாட்டுல கட்டுன மொத லியாண்டர் வகை ஃபிரிகேட், அது சுமார் 3,000 டன்தான். அதே பேரு, அதே எஃப் 33 நம்பரோட 2025 ஜனவரி 15-ல சேந்த புது நீல்கிரி 6,670 டன், அதாவது ரெண்டு பங்குக்கும் மேல. சோவியத் காலத்துல வாங்குன ராஜ்புத் வகை டெஸ்ட்ராயரே 5,000 டன் கிட்டதான், இப்ப ஃபிரிகேட் அதத் தாண்டிருச்சு. ஃபிரிகேட்ங்கிறது ஒரு சைஸுங்கிறதவிட ஒரு வேலைனு வெச்சுக்கோங்க: தனியாவும் போகணும், கூட்டத்தோட போனா காவலுக்கும் நிக்கணும், வானம், கடல்மட்டம், தண்ணிக்கு அடினு மூணு பக்கமும் கவனிக்கணும், எதுலயும் நம்பர் ஒன்னா இருக்கணும்னு இல்ல, எதுலயும் ஃபெயில் ஆகக் கூடாது.

இப்ப கிட்டப் போகாதீங்க, தூரத்துலயே நின்னு மொத்த உருவத்தப் பாருங்க. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா பீச்ல நின்னா கிழக்குக் கடற்படைக் கப்பலுங்க போறது வர்றது தெரியும், போட்டோவா இருந்தாலும் பரவால்ல. பக்கச் சுவரு நேரா நிக்குதா, சாஞ்சு நிக்குதா? ஷிவாலிக்ல எல்லாமே சாஞ்சுதான் இருக்கும், பீரங்கியோட மூடி உட்பட. அதுக்குக் காரணம் அழகு இல்ல. கேரம்போர்டுல ஸ்ட்ரைக்கர மூலைக்குப் பக்கத்துல அடிச்சுப் பாருங்க, ரெண்டு கட்டைலயும் பட்டு அடிச்ச பக்கமே திரும்பி வரும். ரேடார் அலையும் அப்படித்தான், தளமும் சுவரும் 90 டிகிரில சேர்ற எடம் எங்க இருந்தாலும் அங்க பட்டது நேரா அனுப்புனவன்கிட்டயே போயிரும், அவனோட ஸ்க்ரீன்ல பளிச்சுனு ஒரு புள்ளி. சுவர சாச்சுட்டா அலை எங்கயோ ஆகாசத்துக்கோ தண்ணிக்கோ போயிரும். கப்பல் காணாமப் போகாது, அந்தக் கதைய நம்பாதீங்க, 6,000 டன் இரும்ப யாரும் மறைக்க முடியாது. சின்னதாத் தெரியும், அவ்ளோதான், ஆனா சின்னதாத் தெரியுறதே போதும், ஏன்னா வர்ற மிசைல ஏமாத்த வானத்துல அலுமினியம் பூசுன இழைய மேகம் மாதிரி தூவி விடுவாங்க, கப்பல் அந்த மேகத்தவிட சின்னதாத் தெரிஞ்சாதான் மிசைல் மேகத்துப் பக்கம் போகும்.

பிரம்மபுத்ரா வகை ஃபிரிகேட்டோட போட்டோ ஒண்ணு எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க, அந்தக் கப்பல் சேந்ததும் 2000-லதான், ஒண்ணும் தாத்தா காலம் இல்ல, ஆனா டிசைன் பழசு. ஏணி, கம்பி, படகு, பொட்டினு எல்லாம் வெளிய, மொட்டமாடில துணி காயப்போட்ட மாதிரி. ஷிவாலிக்ல முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் சுவருக்கு உள்ள தள்ளிட்டாங்க. அதனால ஒரு நல்ல பழக்கம், கண்ணுக்குத் தெரியுற சாமான எண்றதுக்கு முன்னாடி தெரியாதது என்னனு யோசிங்க.

சரி இப்ப முன்னாடி வாங்க. நம்ம மீனவங்க அணியம்னு சொல்ற பக்கம். மொத சாமான் பீரங்கி, 76 மில்லிமீட்டர், இத்தாலி டிசைன், ஹரித்வார் பெல் கம்பெனில லைசென்ஸ்ல செய்றது, நிமிஷத்துக்கு 120 குண்டு. மிசைல் இருக்கிற காலத்துல பீரங்கி எதுக்குனு எல்லாரும் கேப்பாங்க. ஒரு படகு கிட்ட வருது, கடத்தல்காரனா மீனவனா தெரியல, அவன் முன்னாடி தண்ணில ஒரு குண்டு போட்டு நில்லுனு சொல்லணும், அத மிசைல வெச்சு சொல்ல முடியாதுல. அப்பவும் தப்பு நடக்கும். 2008 நவம்பர்ல ஏடன் வளைகுடாவுல ஐஎன்எஸ் தபார் ஒரு கடற்கொள்ளைக்காரன் கப்பல மூழ்கடிச்சதா பெரிய செய்தி வந்துச்சு, அப்புறம்தான் அது கொள்ளைக்காரங்க புடிச்சு வெச்சிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல்னு தெரிஞ்சுது. தபார் தல்வார் வகை ஃபிரிகேட். கப்பலோட சர்வீஸ்ல பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான், ரோந்து, காவல், வெள்ள நிவாரணம், வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு விருந்தாளியாப் போறது. சூப்பர்சானிக் மிசைல் விடுறது வருஷத்துல ஒரு டெஸ்ட் நடந்தா பெருசு.

பீரங்கிக்குப் பின்னாடி ஷிவாலிக்ல ஒரே ஒரு கை மாதிரி ஒரு லாஞ்சர் நிக்கும், இத நல்லாப் பாருங்க, என்னக் கேட்டா கப்பலோட வயசச் சொல்ற எடம் இதுதான். வானத்துல வர்றத சுடுற ரஷ்யாவோட ஷ்டில் மிசைலுக்கானது. கீழ டிரம்முல 24 மிசைல் அடுக்கி இருக்கும், ஒண்ணு மேல வந்து கைல மாட்டும், கை இலக்குப் பக்கம் திரும்பும், சுடும், திரும்ப நிமிரும், அடுத்தது வரும். அந்த ஒரு கை மாட்டிக்கிச்சுனா கீழ இருக்கிற அத்தனையும் வெறும் பாரம்தான். நீல்கிரி வகைல இந்தக் கை கிடையாது, தரையோட தரையா மூடி போட்ட 32 செல், அதாவது செங்குத்துக் குழி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பராக் 8 மிசைல் ரெடியா நிக்குது, எது வேணா எந்தப் பக்கம் வேணா உடனே கிளம்பும். 2024 டிசம்பர் 9-ல ரஷ்யாவோட கலினின்கிராட்ல நேவில சேந்த துஷில், அது தல்வார் வகையோட மூணாவது செட்டு, அதுலயும் ஷ்டிலே செங்குத்தா செல்லுக்குள்ள போயிருச்சு. ஆக ஒரு போட்டோல கை இருந்தா பழைய செட்டு, மொட்டையா இருந்தா புதுசு, நூத்துக்கு தொண்ணூறு சரியா வரும்.

இதுலயே இன்னொரு விஷயம் இருக்கு, இத எந்த ஓப்பன் டேலயும் யாரும் சொல்ல மாட்டாங்க. ஷ்டில் மாதிரி மிசைலுக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது, கப்பல்ல இருக்கிற ஒரு ரேடார் இலக்கு மேல டார்ச் அடிச்சுக்கிட்டே இருக்கணும், அந்த வெளிச்சம் பட்டுத் திரும்புறதப் புடிச்சுதான் மிசைல் போகும். அதனால கீழ 24 இருந்தாலும் ஒரே நேரத்துல எத்தன இலக்க அடிக்க முடியும்ங்கிறது எத்தன டார்ச் இருக்குங்கிறதப் பொறுத்தது. மேல்கட்டுல முன்னாடியும் பின்னாடியும் சின்ன சின்னதா உருண்ட தலையோட நிக்குதே, அதுங்கதான் டார்ச், அத எண்ணுங்க, மிசைல எண்ணாதீங்க. பராக் 8-க்கு அதோட டார்ச் அதுகிட்டயே இருக்கு, கடைசி நேரத்துல அதுவே பாத்துக்கும். ரெண்டு தலைமுறைக்கு நடுவுல இருக்கிற உண்மையான வித்தியாசம் இதுதான், தூரம் எல்லாம் அப்புறம்.

அதே முன்தளத்துல எதிரிக் கப்பல அடிக்கிற மிசைலுக்கு 8 செங்குத்துக் குழாய், பிரம்மோஸோ கிளப்போ, அப்புறம் நீர்மூழ்கி மேல போட 12 குழாய் ராக்கெட் லாஞ்சர் ரெண்டு. இதுங்களப் பாத்துட்டு நடந்துருங்க.

மேல பாலம், பிரிட்ஜ், கண்ணாடி ஜன்னல் வெச்ச எடம். சினிமால கேப்டன் இங்க நின்னுதான் சண்ட போடுவாரு. நிஜத்துல இங்க நடக்குறது வண்டி ஓட்டுற வேலைதான். சண்ட நடக்குறது உள்ள ஜன்னலே இல்லாத ஆபரேஷன்ஸ் ரூம்ல, ஏசி போட்டு இருட்டா ஸ்க்ரீன் மட்டும் ஒளிருற ரூம், அங்க நம்மள விட மாட்டாங்க, விட்டாலும் எல்லாத்தையும் அணைச்சு வெச்சுட்டுதான் விடுவாங்க.

இப்ப தலைய நிமித்தி மாஸ்ட்ட, அதான் ரேடார் வெச்ச உசரமான கம்பத்தப் பாருங்க, இங்க கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, ஒரு கணக்கு போடலாம். பூமி உருண்டைங்கிறதால ரேடாருக்கும் ஒரு அடிவானம் இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது தெரியாது. கிலோமீட்டர்ல வேணும்னா ரேடார் எத்தன மீட்டர் உசரத்துல இருக்கோ அதோட ஸ்கொயர் ரூட்டு, எதிர்ல வர்றது எத்தன மீட்டர் உசரத்துல வருதோ அதோட ஸ்கொயர் ரூட்டு, ரெண்டையும் கூட்டி 4.12-ஆல பெருக்குங்க. பேச்சுக்கு ரேடார் 25 மீட்டர்ல இருக்குனு வெச்சுக்குவோம், ரூட் 5. கடல உரசிக்கிட்டு வர்ற மிசைல் 5 மீட்டர் உசரம், ரூட் 2.2. மொத்தம் 7.2, பெருக்குனா 30 கிலோமீட்டர் கிட்ட. எக்ஸோசெட் மாதிரி ஒலி வேகத்துக்குக் கொஞ்சம் கம்மியா வர்ற மிசைல் வினாடிக்கு 300 மீட்டர் வருது, 30 கிலோமீட்டருக்கு 100 வினாடி. ஒலியவிட ரெண்டரை மடங்கு வேகத்துல வர்றதா இருந்தா 35 வினாடி. அந்த 35 வினாடிக்குள்ள பாக்கணும், அது நிஜமானு முடிவு பண்ணணும், மிசைல் விடணும், அது போய் அடிக்கணும். நீங்க டீ ஆத்துற நேரம்.

இந்தக் கணக்கப் போட்ட பிறகு மாஸ்ட் ஏன் அவ்ளோ உசரம்னு கேக்க மாட்டீங்க, ஏன் இன்னும் உசரமா வைக்கலனுதான் கேப்பீங்க. வெச்சா கப்பல் சாயும், அதான். டன் கணக்குல ஒரு ரேடாரத் தூக்கி உச்சில வெச்சா அதுக்கு ஈடா அடில பாரமோ அகலமோ வேணும், பாரம் கூடுனா வேகம் போகும், வேகம் வேணும்னா பெரிய இன்ஜின், பெரிய இன்ஜினுக்கு எடம். கப்பலோட பேலன்ஸ் எவ்ளோ நுணுக்கமானதுனு தெரியணும்னா ஐஎன்எஸ் பேத்வாவ நெனச்சுக்கோங்க, 2016 டிசம்பர் 5-ல மும்பைல தண்ணிய வடிச்சுட்டு ரிப்பேர் பண்ற டிரை டாக்ல இருந்து வெளிய எடுக்கிற நேரத்துல ஒரு பக்கமா கவுந்து விழுந்துச்சு, ரெண்டு மாலுமிங்க செத்துப் போனாங்க. நடுக்கடல்லயும் இல்ல, புயல்லயும் இல்ல.

ஷிவாலிக் மாஸ்ட்ல பெரிய ரேடார் சுத்திக்கிட்டே இருக்கும், ஃப்ரிகாட்னு ரஷ்ய ரேடார். சுத்துறதுனா ஒரு பக்கம் பாத்துட்டு திரும்ப அதே பக்கம் வர்றதுக்கு சில வினாடி ஆகும், 35 வினாடில சில வினாடி போறது சின்ன விஷயமா? நீல்கிரில இஸ்ரேலோட எம்எஃப் ஸ்டார், நாலு பக்கத்துக்கும் நாலு தட்டையான பலகை, சுத்தவே சுத்தாது, எப்பவும் எல்லா பக்கமும் பாக்குது. போட்டோல ஷிவாலிக்கையும் நீல்கிரியையும் பிரிச்சுச் சொல்ல மாஸ்ட் ஒண்ணே போதும்.

ஆனா ரேடார் இருந்தாப் போதும்னு நெனைக்காதீங்க. 1987 மே 17, பாரசீக வளைகுடா, அமெரிக்காவோட யுஎஸ்எஸ் ஸ்டார்க், ஆலிவர் ஹசார்டு பெர்ரி வகை கைடட் மிசைல் ஃபிரிகேட். ஈராக் விமானம் ஒண்ணு ரெண்டு எக்ஸோசெட் விட்டுச்சு, ரெண்டும் பட்டுச்சு, 37 பேரு போனாங்க. விமானம் வர்றது தெரியும், மிசைல் வர்றத மொதல்ல சொன்னது மேல கண்ணால காவல் பாத்துக்கிட்டு இருந்த மாலுமி, ரேடார் இல்ல. கடைசி நேரத்துல சுட்டுத் தள்ளுறதுக்குனே வெச்சிருந்த தானியங்கி பீரங்கி ஒரு குண்டுகூட சுடல. ஈராக் அப்ப எதிரி நாடு இல்லல, யாரும் எதிர்பாக்கல. அன்னைக்கி ராத்திரி அந்தக் கப்பல் மிதந்ததுக்குக் காரணம் தீயணைச்ச ஆளுங்கதான். இத ஏன் சொல்றேன்னா ஷிவாலிக்ல ஹெலிகாப்டர் நிறுத்துற ஹேங்கர் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஏகே 630னு ஆறு குழல் 30 மில்லிமீட்டர் பீரங்கி காட்டுவாங்க, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுடும்னு சொல்லுவாங்க, கூட்டம் வாயப் பொளக்கும். நீங்க அதப் பாக்குறப்ப அத ஆன் பண்றதுக்கு யாரு முடிவு எடுப்பாங்கனு யோசிங்க.

புகைபோக்கிக்கு வருவோம். புகைபோக்கின்னா உள்ள இன்ஜின். ஷிவாலிக்ல ரெண்டு டீசல், ரெண்டு கேஸ் டர்பைன். டர்பைன் ஜிஇ கம்பெனியோட எல்எம் 2500 குடும்பம், பெரிய ஜெட் விமானத்தோட இன்ஜின்ல இருந்து பொறந்தது, இங்க பெங்களூரு எச்ஏஎல்-ல அசெம்பிள் பண்றாங்க. சாதாரணமாப் போறப்ப டீசல், தொரத்தணும்னா டர்பைன், ரெண்டும் ஒண்ணா ஓடாது, இதுவோ அதுவோதான், அதுக்குப் பேரு கோடாக் (CODOG). ரெண்டு வகை எதுக்குனா தண்ணி சும்மா வழி விடாது, வேகத்த ரெண்டு மடங்கு ஆக்கணும்னா பவர் கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேணும். 16 நாட் (knot, கப்பல் வேகத்தோட அளவு) வேகத்துல போற கப்பல 32 நாட் வேகத்துக்கு ஏத்தணும்னா, 32 நாட்ங்கிறது ரோட்டுக் கணக்குல மணிக்கு 59 கிலோமீட்டர், நம்ம டவுன் பஸ் கூட போயிரும், ஆனா 6,000 டன்ன தண்ணில அந்த வேகத்துல தள்றதுக்கு எண்ணெய் குடிக்கிற குடி இருக்கே. அதனால நாள் முழுக்க டீசல்ல மெதுவா போயி தேவப்படுறப்ப மட்டும் டர்பைன்.

தல்வார் வகைல டீசலே இல்ல, சின்ன டர்பைனும் பெரிய டர்பைனும்தான், உக்ரைன் மிகோலாயிவ்ல இருக்கிற ஸோர்யா மஷ்ப்ரோயெக்ட் கம்பெனி செய்றது. 2014-ல ரஷ்யா க்ரைமியாவ எடுத்த பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு இன்ஜின் தர மாட்டேனுருச்சு. கலினின்கிராட் யார்டுல கப்பல் உடம்பு இருக்கு, இன்ஜின் இல்ல. கடைசில இந்தியா உக்ரைன்கிட்ட இன்ஜின வாங்கி ரஷ்யாகிட்ட குடுத்து மாட்ட வெச்சுது. துஷிலும், 2025 ஜூலை 1-ல சேந்த தமாலும் அப்படி வந்ததுதான், ரெண்டு நாடும் அங்க அடிச்சுக்கிட்டு இருக்கு, இங்க ஒரே கப்பல்ல ஒருத்தனோட உடம்பு, இன்னொருத்தனோட இதயம். உதிரி பாகம் எங்க இருந்து வரும்னு யோசிக்காம கப்பல் வாங்கக் கூடாதுங்கிறதுக்கு இதவிட உதாரணம் எனக்குத் தெரியாது, கப்பல் 30 வருஷம் ஓடும், நட்பு அவ்ளோ நாள் ஓடுமானு யாருக்குத் தெரியும்.

புகைபோக்கிய வெளிய இருந்து பாத்தா அகலமா குட்டையா இருக்கும், சூடான புகையோட வெளிக்காத்தக் கலந்து ஆறவெச்சு விடுறதுக்கு. சூட்டப் புடிச்சு வர்ற மிசைலுக்கு புகைபோக்கி நெருப்புக் கொள்ளி மாதிரி தெரியும்ல.

அடுத்தது ஹேங்கரும் ஹெலிகாப்டர் தளமும். ஷிவாலிக் ரெண்டு ஹெலிகாப்டர் வெச்சுக்கும். கப்பலோட பின்பாதில பெரும்பகுதிய இது சாப்புட்டுருது, அவ்ளோ எடம் குடுத்தது ஏன்னு பழைய கணக்கையே திரும்பப் போடுங்க. 3,000 மீட்டர் உசரத்துல பறக்குற ரேடார், ரூட்டு 55 கிட்ட, எதிர்ல 16 மீட்டர் உசரக் கப்பல், ரூட்டு 4, கூட்டிப் பெருக்குனா 240 கிலோமீட்டர் சொச்சம். மாஸ்ட்ட எவ்ளோ உசத்துனாலும் இது வராது. காமோவ் 31னு ஒரு ரஷ்ய ஹெலிகாப்டர் வயித்துக்குக் கீழ ஒரு பெரிய பலகைய விரிச்சு சுத்தவிட்டுக்கிட்டே பறக்கும், அதோட வேலையே இதுதான். என்னப் பொறுத்தவரைக்கும் ஃபிரிகேட்டோட ரொம்ப முக்கியமான ஆயுதம் ஹெலிகாப்டர்தான், சண்டைக்கு வரலாம்.

கடைசில அமரம், பின்பக்கம். இங்க பாக்க ஒண்ணும் பெருசா இருக்காது, கூட்டமும் இங்க நிக்காது. ஆனா தண்ணிக்கு அடில நடக்குற சண்டைக்கு இழுத்துட்டுப் போற கருவி, தண்ணிக்குள்ள ஓடி வர்ற டார்பிடோவ ஏமாத்துறது, இந்தப் பக்கம்தான். தண்ணிக்கு அடில ரேடார் வேல செய்யாது, சத்தம் மட்டும்தான், அந்த சத்தமும் நேராப் போகாது, சூடான தண்ணி, குளுந்த தண்ணி, உப்பு கூட, உப்பு கம்மினு அடுக்கடுக்கா இருக்கிறதுல வளைஞ்சு போகும். நம்ம வங்காள விரிகுடால கங்கையும் பிரம்மபுத்ராவும் கொட்டுற நல்ல தண்ணி மேல மிதக்குது, கீழ உப்புத் தண்ணி, சத்தத்த வெச்சுத் தேடுற சோனார் ஆளுங்களுக்குத் தலைவலி புடிச்ச கடல். நீர்மூழ்கி அந்த அடுக்குக்குக் கீழ பதுங்கிக்கும். அதனாலதான் ஃபிரிகேட் தன் சத்தத்தக் கொறைக்க அவ்ளோ பாடுபடுது, இன்ஜின அதிர்வு கடத்தாத தாங்கி மேல வைக்கிறது, ப்ரொப்பெல்லர் நொர தள்ளாத மாதிரி வடிவம் செதுக்குறதுனு. சத்தம் போட்டா எதிரிக்கும் கேக்கும், தன் காதும் அடைச்சுக்கும்.

இங்க நின்னு ஐஎன்எஸ் குக்ரிய நெனைக்காம நகர முடியாது. 1971 டிசம்பர் 9, டையூ கிட்ட. நீர்மூழ்கிய வேட்டையாடுறதுக்குனே கட்டுன ஃபிரிகேட், நீர்மூழ்கியத் தேடித்தான் போச்சு, பாகிஸ்தானோட ஹங்கோர் நீர்மூழ்கி அதக் கண்டுபுடிச்சு டார்பிடோ அடிச்சிருச்சு. 18 அதிகாரிங்க, 176 மாலுமிங்க. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடயே போயிட்டாரு.

உள்ள போக விட்டா ஆயுதத்த விட்டுட்டு கதவப் பாருங்க. ஒவ்வொரு கதவுலயும் ஒரு எழுத்து இருக்கும், பல நாட்டு நேவில இந்த வழக்கம் இருக்கு, எந்த நேரத்துல எந்தக் கதவு மூடி இருக்கணும்னு சொல்ற குறி. கப்பல் முழுக்க அறை அறையா பிரிச்சிருக்கும், ஒண்ணுல தண்ணி வந்தா அதோட நிக்கணும், ஒண்ணுல தீ புடிச்சா அதோட நிக்கணும். தீதான் பெரிய எதிரி, சண்டையே இல்லாத நாள்லயும். 2011 ஜனவரில விந்தியகிரி மும்பை துறைமுகத்து வாசல்ல ஒரு சரக்குக் கப்பலோட மோதி, தீ புடிச்சு, கரைக்குக் கொண்டு வந்த பிறகும் அணைக்க முடியாம கடைசில கரைல கட்டி வெச்ச எடத்துலயே மூழ்கிருச்சு, அதுவும் ஃபிரிகேட்தான்.

அப்புறம் ஆளுங்க. ஷிவாலிக்ல 250 பேருக்கு மேல இருக்காங்க, நீல்கிரில 225 கிட்ட, கப்பல் பெருசாச்சு ஆளு கம்மியாச்சு, மெஷின் கூடிருச்சு. நாலு மணி நேரம் டியூட்டி, அப்புறம் சாப்பாடு தூக்கம் ரிப்பேர் டிரில், திரும்ப டியூட்டி. சாயங்காலம் நாலுல இருந்து எட்டு வரைக்கும் மட்டும் ரெண்டு ரெண்டு மணி நேரமாப் பிரிச்சிருப்பாங்க, ஒரே ஆளு தினமும் நடுராத்திரி ஷிஃப்ட்ல மாட்டக் கூடாதுனு. தண்ணி கடல் தண்ணிலயே காய்ச்சியோ வடிகட்டியோ எடுக்குறது. ஷிவாலிக் வந்த புதுசுல சப்பாத்தி, தோச போட மெஷின் இருக்குனு செய்தியெல்லாம் வந்துச்சு, என் அக்கா பையனுக்கு அந்தக் கப்பல்ல புடிச்ச ஒரே மெஷின் அதான்.

மாலுமிங்ககிட்ட கேள்வி கேக்குறப்ப மிசைல் ரேஞ்ச் கேக்காதீங்க, சொல்லவும் மாட்டாங்க, சொன்னா அது விக்கிபீடியால இருக்கிறதாத்தான் இருக்கும். நீங்க எங்க தூங்குவீங்க, அலை அடிக்கிறப்ப எப்படி சமைப்பீங்க, தீ அலாரம் அடிச்சா உங்க எடம் எதுனு கேளுங்க. மூஞ்சி மலர்ந்துரும். நான் கேட்ட ஒரு தம்பி, திருநெல்வேலிப் பக்கம், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிட்டு கண்ணக் கட்டினாலும் தன் பெட்ல இருந்து வெளிய போற வழி தெரியும்னு சொல்லி கண்ண மூடிக்கிட்டு நடந்து காட்டுச்சு.

எப்ப எங்க பாக்கலாம்னா டிசம்பர் 4 நேவி டே, 1971-ல கராச்சித் துறைமுகத்த அடிச்ச நாள், அதுக்கு முன்னப் பின்ன விசாகப்பட்டினம், மும்பை, கொச்சில கப்பலத் தொறந்து விடுவாங்க, சில வருஷம் சென்னைத் துறைமுகத்துலயும் உண்டு, பேப்பர்ல அறிவிப்பு வரும். அந்த நேரம் அமையலனா டையூ போங்க, 1989-ல சேந்து 2021-ல ஓய்வு பெத்த இன்னொரு குக்ரி, அது ஃபிரிகேட் இல்ல, அதவிடச் சின்ன மிசைல் கார்வெட், அத அங்க மியூசியமா வெச்சிருக்காங்க, அவசரமில்லாம பாக்கலாம். விசாகப்பட்டினம் பீச்ல குர்சுரா நீர்மூழ்கி இருக்கு, ஃபிரிகேட் யாரத் தேடுதுனு தெரிஞ்சுக்க அதுக்குள்ளயும் ஒரு தடவ போயிட்டு வந்துருங்க.

ஆதார் கார்டு எடுத்துக்கோங்க, போன வாங்கி வெச்சாலும் வெப்பாங்க. ஹை ஹீல்ஸ் வேண்டாம், புடவை கட்டிட்டு வந்தா ஏணில கஷ்டம், எங்க அக்கா பாதிலயே நின்னுட்டா. சின்னப் பசங்களுக்கு தொப்பி போடுங்க, மேல்தளத்துல இரும்பு சுடும். எறங்கறப்ப மட்டும் படிக்கட்டு மாதிரி நேரா எறங்காதீங்க, ஏணியப் பாத்தாப்ல திரும்பி ரெண்டு கையாலயும் புடிச்சு எறங்குங்க, நான் நேரா எறங்கி முழங்கால செராச்சுக்கிட்டேன்.